திடீரென்று போய்விட்ட நண்பன்: குரல், படம், நினைவு மலர். எதை முதலில் செய்வது?

கேள்வி

இருபத்தாறு வருட நண்பன். மூன்று வாரத்துக்கு முன் சாலை விபத்தில் போய்விட்டான். பள்ளியிலிருந்து ஒன்றாக வந்த ஏழு பேர் சேர்ந்து அவனுக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவர நினைக்கிறோம். முதலாண்டு நினைவு நாளுக்குள் அவன் மனைவி கையிலும் பிள்ளைகள் கையிலும் அது சேர வேண்டும். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு.

கையில் இருப்பவை: ஏழு போன்களில் சிதறிக் கிடக்கும் வாட்ஸ்அப் குரல் பதிவுகள், எங்கள் குழு உரையாடல், நூறு அச்சுப் படங்கள் போல, அவனுடைய ஃபேஸ்புக் பக்கம். அவன் போன் வீட்டில் இருக்கிறது, பூட்டு எண் யாருக்கும் தெரியாது. எதிலிருந்து தொடங்குவது, எதைத் தொடவே கூடாது? நினைவுக் கூட்டத்தில் நான் ஐந்து நிமிடம் பேசவும் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

ஆழ்ந்த இரங்கல். மலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் குரலைக் காப்பாற்றுங்கள். அச்சுப் படம் அலமாரியில் இன்னும் பல வருடம் கிடக்கும். குரல் அப்படியில்லை. ஏழு பேரில் ஒருவர் போன் மாற்றினாலோ, இடம் போதவில்லை என்று பழைய ஃபைல்களைத் துடைத்தாலோ அவரிடம் இருந்தது போயிற்று.

இன்றைக்கே ஏழு போனிலும் ஒன்றைப் பாருங்கள். அவருடனான தனி உரையாடலிலோ குழுவிலோ ‘மறையும் செய்திகள்’ போட்டிருக்கிறதா? 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று கெடு உண்டு. போட்டிருந்தால் அதை அணைப்பது மட்டும் போதாது. அணைத்தால் இனி வரும் செய்திகள்தான் தங்கும், ஏற்கெனவே வந்தவை அவற்றின் கெடுவில் மறைந்துவிடும். மறைய இருப்பதை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து ‘கீப்’ கொடுங்கள், கூடவே வெளியே ஒரு பிரதியும் எடுங்கள்.

அடுத்து பிரதி. ஆண்ட்ராய்டு போனில் ஃபைல் மேனேஜரைத் திறந்து ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்று வரிசையாக உள்ளே போங்கள். வாரத்துக்கு ஒரு ஃபோல்டராக, ஓபஸ் வகை ஃபைல்களாக இருக்கும். அந்த ஃபோல்டரை முழுசாகக் கணினிக்கு மாற்றுங்கள், பொறுக்கி எடுக்க வேண்டாம். இதில் ஒரு சிக்கல் வரும். ஃபைல் பெயரில் தேதியும் வரிசை எண்ணும்தான் இருக்கும், பேசியது யார் என்று இருக்காது. அதற்காக அதே உரையாடலை ‘எக்ஸ்போர்ட்’ செய்யுங்கள், மீடியாவோடு. உடன் வரும் டெக்ஸ்ட் ஃபைலில் நாள், நேரம், அனுப்பியவர் பெயர், பக்கத்திலேயே ஒலி ஃபைலின் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அதில் உங்கள் நண்பரின் பெயரைத் தேடினால் எவை அவர் குரல் என்று வரிசையாகத் தெரிந்துவிடும். மீடியா இல்லாமல் எடுத்தால் ஃபைல் பெயரே வராது, இந்த வழி அடைபட்டுவிடும்.

எக்ஸ்போர்ட்டை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள். மீடியாவோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள் வரைதான் வரும், மீடியா இல்லாமல் 40,000. பல வருடக் குழுவில் பழையது வெளியே நின்றுவிடும். அதனால்தான் ஃபோல்டர் பிரதி முதலில். ஐபோன்காரர்களுக்கு அந்த ஃபோல்டர் கண்ணில் படாது. அவர்கள் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, அதில் வராத பழையவற்றை ஒவ்வொன்றாக ‘ஃபைல்ஸ்’ பகுதியில் சேமிக்க வேண்டியதுதான். ‘எனக்கு கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறதே’ என்று யாராவது சொல்வார்கள். அந்த பேக்கப்பைத் தனியாகத் திறந்து கேட்க முடியாது, அதே எண்ணில் வாட்ஸ்அப்பை மறுபடி நிறுவும்போதுதான் பயன்படும்.

இன்னொரு இடத்தையும் தேடுங்கள். விழாக்களிலும் பயணங்களிலும் எடுத்த வீடியோ. கேமராவைப் பிடித்தவர் அவராக இருந்தால் முகம் இருக்காது, குரல் இருக்கும். ‘தள்ளி நில்லு’, ‘இங்கே பாரு’ என்று இரண்டு சொல்தான் இருக்கும். அதையும் எடுத்து வையுங்கள்.

எல்லாம் சேர்ந்ததும் மூன்று பிரதி: ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வேறொரு நண்பர் வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் அதிலுள்ள தரவு கெடலாம்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அவருடைய போன், சிம், கணக்குகள் பற்றி நான் சேர்க்கிறேன். இங்கேதான் நல்லெண்ணத்தில் தவறு நடக்கிறது.

சிம்மை அவசரப்பட்டு நிறுத்த விடாதீர்கள். வங்கி, மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் விட்டுப்போனால் சில மாதங்களில் எண் வேறொருவருக்குப் போய்விடும். அப்புறம் ஒருநாள் அவர் பெயரில் ஓர் அந்நியரின் முகம் உங்கள் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு நீக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் போனில் உள்ள உரையாடல் அப்படியே இருக்கும், ஆனால் குழுவிலிருந்து அவர் வெளியேறியதாகக் காட்டும், முகப்புப் படமும் போய்விடும். அந்தப் படத்தை இப்போதே இன்னொரு போனால் படம் பிடித்து வையுங்கள். குழுவில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். தெரியாமல் பார்த்தால் அது தாங்காது.

போனை யாரும் ஊகத்தில் திறந்து பார்க்கக் கூடாது. தவறான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் போன் பூட்டிக்கொள்ளும், சில அமைப்புகளில் எல்லாத் தரவும் தானாக அழியும். ‘ரீசெட் செய்து தருகிறேன்’ என்று சொல்பவரிடம் கொடுத்தால் மிஞ்சுவது வெறும் கருவிதான். போனை அணைத்து, பெட்டியில் வைத்து, அவ்வப்போது சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். அவருடையது ஐபோனாக இருந்து, உயிரோடு இருக்கும்போதே ‘லெகசி கான்டாக்ட்’ என்று யாரையாவது குறித்திருந்தால், அவர் மரணச் சான்றிதழோடு ஆப்பிளிடம் விண்ணப்பிக்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் பல படங்கள் கூகுள் கணக்கிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். குடும்பத்தினர் கூகுளிடம் கோரிக்கை வைக்க முடியும். கடவுச்சொல்லைத் தர மாட்டார்கள், ஆனால் சில சமயம் உள்ளிருப்பதைத் தருவார்கள். இரண்டு வருடம் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023-இல் கூகுள் கொண்டுவந்த விதி. ஆகவே ‘பிறகு பார்க்கலாம்’ என்பதற்கு ஒரு கெடு இருக்கிறது.

ஃபேஸ்புக்கில்தான் மிகவும் கவனம். அந்தப் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றும்படி நண்பர்களே சான்றோடு கேட்கலாம். கேட்டதும் அவர் பெயருக்கு மேல் ‘நினைவில்’ என்ற குறிப்பு வரும், பிறந்தநாள் நினைவூட்டல் நிற்கும். நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு சரியான கடவுச்சொல் இருந்தாலும் யாராலும் உள்ளே நுழைய முடியாது. வீட்டுக் கணினியில் அவர் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். அவசரப்பட்டு நண்பர் ஒருவர் கோரிக்கை அனுப்பி, மறுநாள் குடும்பமே வெளியே நிற்கும் நிலை பல வீடுகளில் வருகிறது. எதைச் செய்தாலும் முடிவு மனைவியுடையது, நாம் கையாட்கள்தான்.

அச்சுப் படங்களுக்கு: 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்யுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் அப்போது 2400க்கு 3600 பிக்சல் வரும், மலரில் முழுப் பக்கத்துக்கே தாங்கும். ஃபிலிம் சுருள் கிடைத்தால் விடாதீர்கள், அச்சைவிட அதில் விவரம் அதிகம். அதற்கு 2400 டிபிஐ-க்குக் குறையாமல். ஆல்பத்தின் பசைப் பக்கத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிடுங்கக் கூடாது, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். சட்டகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கண்ணாடியோடே. படத்தின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் எழும்பும். மென்மையான பென்சில் போதும்.

போனில் இருக்கும் படங்களைக் குழுவில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் அளவைச் சுருக்கிவிடும், எடுத்த தேதியும் உதிர்ந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது ஒரே டிரைவ் ஃபோல்டரில் எல்லோரும் போடட்டும். பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு இடம், பிறகு இடமிருந்து வலமாக ஆட்கள். மாதம் தெரியாவிட்டால் 00 போடுங்கள், வரிசை கலையாது. ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நாளில் பெயர் வைப்பது நல்லது. ஒருவருக்கு மறந்த முகம் இன்னொருவருக்கு ஞாபகம் இருக்கும்.

பதில் 3

எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால் ‘அன்பானவர், எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுவார்’ என்றுதான் வரும். பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்தும் வரி அது. எழுதுபவர்கள் மேல் குற்றமில்லை, கேட்ட விதம் அப்படி. ஒவ்வொருவரிடமும் குறிப்பான கேள்வி கேளுங்கள். உங்களை அவர் எப்படிக் கூப்பிடுவார்? போனை எடுத்ததும் முதல் சொல் என்ன? கோபம் வந்தால் பேசுவாரா, பேசாமல் இருப்பாரா? நடக்கும்போது உங்களுக்கு எந்தப் பக்கம் வருவார்? எதை உங்களிடம் வாங்கித் திருப்பித் தரவேயில்லை? ஒரு ஆளுக்கு 300 சொல், ஒரே ஒரு நிகழ்ச்சி. எழுத வராதவரிடம் குரல் பதிவாக வாங்கி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அவர் பேசிய மாதிரியே. திருத்தும்போது மெருகேற்றிவிடாதீர்கள்.

இறந்தவரை எண்ணி இரங்கிப் பாடுவதற்குத் தமிழில் கையறுநிலை என்று ஒரு துறையே உண்டு. அதியமான் இறந்தபோது ஔவை பாடியதைப் பாருங்கள். அவனைப் பெரிய வள்ளல் என்று சொல்லி நிறுத்தாமல், கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறைய கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்றுதான் தொடங்குகிறது. கொஞ்சம் கிடைத்தால் என்ன செய்தான், நிறைய கிடைத்தால் என்ன செய்தான் என்ற கணக்கில் ஆள் எழுந்து நிற்கிறான். உங்கள் மலரும் அந்த வழியில் போகட்டும்.

விட வேண்டியவை சில. விபத்து எப்படி நடந்தது, யார் மேல் தவறு, கடைசி நிமிடங்கள், மருத்துவமனைப் படம் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் வளர்ந்து அவர்களாகவே கேட்கும்போது அம்மா சொல்லட்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. வழக்கோ காப்பீட்டுக் கோரிக்கையோ நிலுவையில் இருந்தால், வேகம், வண்டியின் நிலை, தூக்கம் என்று நண்பர்கள் நல்லெண்ணத்தில் எழுதும் ஒரு வரி கூடக் குடும்பத்துக்கு எதிராகத் திரும்பக்கூடும். சமூக ஊடகப் பதிவுக்கும் இதே கட்டுப்பாடு. பழைய காதல், கடன், வீட்டுச் சண்டை போன்றவை உங்களுக்குள் இருக்கட்டும்.

பேச்சு: நிதானமாகப் படித்தால் ஐந்து நிமிடத்துக்கு 400 முதல் 450 சொல் வரும். எழுதியே கொண்டு போங்கள், துக்கத்தில் மனப்பாடம் கைவிடும். எழுத்து 16 புள்ளி, வரி இடைவெளி தாராளமாக, தாளின் ஒரு பக்கம் மட்டும், பக்க எண் கட்டாயம், பின் அடிக்க வேண்டாம். வீட்டில் மூன்று முறையாவது சத்தம் போட்டுப் படியுங்கள். மனதுக்குள் படிக்கும்போது உடையாத இடம் வாயால் சொல்லும்போது உடையும். எந்த வரியில் தொண்டை அடைக்கிறதோ அதற்கு முன் ஒரு கோடு போடுங்கள். அந்த இடம் வந்ததும் நின்று, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். கூட்டம் காத்திருக்கும். இன்னொரு பிரதி ஏழு பேரில் ஒருவர் சட்டைப்பையில் இருக்கட்டும், முடியாமல் போனால் அவர் விட்ட வரியிலிருந்து படிக்கலாம்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. குரல் பதிவுகள் எடுக்கத் தொடங்கிவிட்டோம், ஒருவர் போனில் மட்டும் 140 வந்திருக்கிறது. இரண்டு சந்தேகம். பலவற்றில் பின்னால் வண்டிச் சத்தம், காற்றுச் சத்தம். சுத்தம் செய்யலாமா? அச்சுக்குக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 4

அச்சு வேலையை நான் சொல்கிறேன். ஏ5 அளவு, அதாவது 148க்கு 210 மில்லிமீட்டர், கைக்கு அடக்கமாக இருக்கும். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு விளிம்பு, அதாவது அச்சடித்தபின் வெட்டிப்போகும் கூடுதல் ஓரம், விடுங்கள். அதோடு சேர்த்து முழுப் பக்கப் படத்துக்கு, 300 டிபிஐ கணக்கில், குறைந்தது 1820க்கு 2552 பிக்சல் வேண்டும். அதைவிடக் குறைந்த படத்தை அரைப் பக்கமாகவோ கால் பக்கமாகவோ போடுங்கள், இழுத்துப் பெரிதாக்காதீர்கள், முகம் கரைந்துவிடும். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நாலின் மடங்காக இருக்க வேண்டும், 48 வரை நன்றாக மடியும். அதற்கு மேல் போனால் முதுகில் பசை போட்ட கட்டு. அப்போது உள் ஓரம் 20 மில்லிமீட்டர் விடாவிட்டால் வரியின் முனை மடிப்புக்குள் போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒருவர் முகம் வருமாறு படத்தை வைக்கவே கூடாது.

தமிழ் எழுத்துதான் அதிகம் சறுக்கும் இடம். எல்லோரிடமும் யூனிகோடில் வாங்குங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை முதலில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கிலக் குறிகளாகக் கொட்டும். வடிவமைப்பவர் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளேயே பதிக்கச் சொல்லுங்கள். 11 புள்ளி எழுத்துக்கு 16 புள்ளி வரி இடைவெளி கண்ணை உறுத்தாது.

ஒரே ஒரு பிரதி முதலில் அடித்து, அதை அவர் மனைவியிடம் கொடுங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, உறவினர் பெயர்களின் எழுத்து எல்லாம் அவர் கண்ணில்தான் சரியாகப் படும். வேண்டாம் என்று அவர் சொல்லும் படத்தைக் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். இதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். அவர் ஒரே மூச்சில் பார்க்க மாட்டார்.

பதில் 5

மற்றவர்கள் வேலையைச் சொல்லிவிட்டார்கள், நான் ஆளைப் பற்றிக் கொஞ்சம். நண்பனின் துக்கத்துக்கு விடுப்பு கிடையாது, ‘நீ என்ன உறவு’ என்ற கேள்விதான் கிடைக்கும். கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: சமூகம் அங்கீகரிக்காத துக்கம். ஏழு பேரும் இதில் இருக்கிறீர்கள். படம் பிரிக்கிற வேலையையும் குரல் கேட்கிற வேலையையும் ஒருவர் தலையில் போடாதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம், இரண்டு பேர் சேர்ந்து. இரவில் தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டாம்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வேலையே நடக்காத அளவுக்கு அழுத்தினால், அதை நீடித்த துக்கம் என்று மருத்துவம் தனியாகவே வகைப்படுத்துகிறது, சிகிச்சையும் இருக்கிறது. நானும் போய்விடலாம் என்று யாருக்காவது தோன்றினால் அன்றே சொல்ல வேண்டும், காத்திருக்கக் கூடாது.

குடும்பத்துக்கு: முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், அப்புறம் போன் நிற்கும். ஏழு பேர் இருக்கிறீர்கள், மாதத்துக்கு ஒருவர் என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்றால் அவர் சொல்ல மாட்டார். ‘சனிக்கிழமை வந்து கணக்குக் காகிதங்களை அடுக்கித் தருகிறேன்’ என்று சொன்னால் சரி என்பார்.

பதில் 1

முதலில் பதில் சொன்ன நான்தான் மறுபடி. சத்தம் குறித்துக் கேட்டீர்கள். மூல ஃபைலை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் அவர் பேசாத அரை நொடி இரைச்சலைத் தேர்ந்தெடுத்து மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபல் குறையுங்கள். 12-ஐத் தாண்டினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும், ‘ஸ’வும் ‘ச’வும் மழுங்கும். காற்றடிப்பு என்றால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினாலே பாதி போய்விடும். பேச்சுக்கு முன்னால் வரும் மூச்சு, யோசிக்கும்போது வரும் ‘ம்ம்’, பாதியில் வரும் சிரிப்பு ஆகியவற்றை வெட்டிச் சுருக்காதீர்கள். ஆளை அடையாளம் காட்டுவதே அவைதான். பின்னால் கேட்கும் வண்டியும் அவர் இருந்த தெருவினுடையது, பாதி அப்படியே இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவில் அவர் குரலை உருவாக்கிப் புதிதாகப் பேச வைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். குடும்பம் தானாகக் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாலு வயதுப் பிள்ளைக்கு எது அப்பா சொன்னது, எது சொல்லாதது என்று பின்னால் பிரித்துத் தர யாராலும் முடியாது.

கடைசியாக, 140 பதிவுக்கும் ஒரு கேட்புத் தாள் எழுதுங்கள். வரிசை எண், தேதி, எத்தனை நொடி, யாரிடம் பேசுகிறார், எதைப் பற்றி. அதில் ஒரு கட்டம் பிள்ளைகளுக்கு: அவர்கள் பெயரை அவர் சொல்லும் இடம் எந்த நொடியில் வருகிறது என்று குறியுங்கள். ‘சின்னவன் தூங்கலை, அப்புறம் கூப்பிடறேன்’ என்பது நாலு நொடிப் பதிவாக உங்கள் போனில் எங்காவது கிடக்கும். உங்களுக்கு அன்றைக்கு அது ஒன்றுமில்லாத செய்தி. அந்த மாதிரிப் பதிவுகளைத் தனி ஃபோல்டரில், இரண்டு பிள்ளைகளின் பெயரிலும் தனித்தனியாகப் போட்டு, அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். எப்போது கேட்க வைப்பது என்று அவர் பார்த்துக்கொள்வார்.